ஓரங்களைப் படித்த மனிதர்: எம்.சி. எஷர்

போன செமஸ்டர் கிராபிக்ஸ் லேப்ல ஒரு எக்சர்சைஸ். ஒரு படத்தில் இருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதையே திரும்பத் திரும்ப அடுக்கி, ஒரு பெரிய வட்டத்தை நிரப்ப வேண்டும். நான் எடுத்தது என் ஹாஸ்டல் பெட்ஷீட்டோட போட்டோ. கொடியும் பூவும் வரிசையாக அச்சடித்த பெட்ஷீட்.

கோடு ரொம்பச் சின்னது. சி ஷார்ப்பில் டெக்ஸ்ச்சர் பிரஷ் என்று ஒரு கிளாஸ் இருக்கு. படத்தையும் ஒரு ரெக்டாங்கிளையும் கொடுத்தால் போதும், அந்தத் துண்டை டைல் மாதிரி அதுவே அடுக்கிக்கொள்ளும். ரன் பண்ணினேன், எர்ரர் இல்லாமல் ஓடியது. அவுட்புட்டைப் பார்த்தால்தான் வயிறு கலங்கியது. கட்டத்துக்குக் கட்டம் ஒரு வெட்டு. பூ பாதியில் அறுந்து நிற்கிறது, கொடி எங்கேயோ போய் முட்டுகிறது. ரெக்டாங்கிளைப் பத்து பிக்சல் இந்தப் பக்கம், இருபது பிக்சல் அந்தப் பக்கம் என்று நகர்த்திப் பார்த்தேன். வெட்டு இடம் மாறியதே தவிர, போகவில்லை.

ரூம்மேட் ஒரு குறுக்கு வழி சொன்னான். டைல் ஃபிளிப் எக்ஸ்ஒய் என்று ஒரு மோடு இருக்கு, அதைப் போடு என்றான். அடுத்தடுத்த டைலைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வைக்கும் மோடு அது. ஓரத்தில் ஒரு பிக்சல் தன்னையேதான் சந்திக்கும், அதனால் வெட்டு தெரியாது. உண்மைதான், வெட்டு போச்சு. ஆனால் என் பூக்கொடி ரெண்டு தலைப் பாம்பாக மாறிவிட்டது.

வைவாவில் மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உன் டைலோட வலது ஓரத்தை ஒட்டி என்ன வரும்? நான் முழித்தேன். அதே டைலோட இடது ஓரம்தான் வரும். இதை யோசிக்காமல் அடுக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, எஷரைப் பற்றிப் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். பத்து மார்க்குக்காகப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் மார்க்கை மறந்துவிட்டேன்.

பெயிலான பையன்

மௌரிட்ஸ் கொர்னேலிஸ் எஷர் 1898 ஜூன் 17 அன்று நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஆர்னால்ட் எஷர் ஒரு சிவில் இன்ஜினியர். 1870-களில் ஜப்பானுக்குப் போய் ஆற்று வேலை, துறைமுக வேலை எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர். ஐந்து பையன்களில் எஷர்தான் கடைசி. அவர் பிறந்த வீடு இன்றைக்குப் பீங்கான் பொருட்களுக்கான ஓர் அருங்காட்சியகம். அங்கே வைத்திருப்பவற்றில் பழைய டைல்களும் உண்டு. இப்படி ஒரு பொருத்தம் யாருக்கும் அமையாது.

இன்ஜினியர் வீட்டுக் கடைக்குட்டி என்றால் என்ன எதிர்பார்ப்பு இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் எஷர் பள்ளியில் ரொம்ப சுமார். சின்ன வயதில் உடம்பும் சரியில்லை. இரண்டு தடவை வருஷம் போனது. உருப்படியாக வந்தது டிராயிங் மட்டும்தான். ஆர்ன்ஹெம் நகரில் படித்த அந்தப் பள்ளியின் கடைசிப் பரீட்சையிலும் 1918-இல் தேறவில்லை. அதன் பிறகு டெல்ஃப்ட் டெக்னிக்கல் கல்லூரியில் கொஞ்ச காலம், அதுவும் ஒட்டவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், அரியரோடு வெளியே வந்த ஆள்.

1919-இல் ஹார்லெம் நகரில் கட்டடக்கலையும் அலங்காரக் கலையும் சொல்லித்தரும் கல்லூரியில், ஆர்க்கிடெக்சர் படிக்கச் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுக்கும் ஒரு திருப்தி, அது இன்ஜினியரிங்குக்குப் பக்கத்து வீடு. ஆனால் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அங்கே கிராபிக்ஸ் சொல்லித்தந்த சாமுவேல் யெசுரூன் டி மெஸ்கீட்டா என்ற ஆசிரியர் இந்தப் பையனுடைய படங்களைப் பார்த்தார். நீ கட்டடம் கட்ட வேண்டாம், அச்சுக்கலைக்கு வா என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்து கிராபிக்ஸ் என்றால் கம்ப்யூட்டர் இல்லை. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பது. எஷர் டிபார்ட்மென்ட் மாறினார். அவர் வாழ்க்கை அங்கேதான் திரும்பியது.

எட்டுத் தலைகள்

1922-இல், அந்தக் கல்லூரிக் காலத்திலேயே, எஷர் ஒரு மரக்கட்டை செதுக்கினார். அதன் பெயர் எட்டுத் தலைகள். நாலு ஆண் முகம், நாலு பெண் முகம். நாலு நேராக, நாலு தலைகீழாக. முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே காலி இடமே கிடையாது. ஒரு முகம் முடியும் கோட்டில் இன்னொரு முகம் தொடங்கும்.

விஷயம் அந்தக் கட்டையின் ஓரத்தில் இருக்கிறது. தாளில் ஒரு தடவை அழுத்தி, பக்கத்தில் நகர்த்தி மறுபடியும் அழுத்தினால், வலது ஓரத்தில் பாதியில் நின்ற முகம் அடுத்த அச்சின் இடது ஓரத்தில் முழுசாகிவிடும். எத்தனை தடவை அடித்தாலும் எங்கே கட்டை முடிந்தது, எங்கே தொடங்கியது என்று கண்ணால் பிடிக்க முடியாது. நாம் இன்றைக்கு டெக்ஸ்ச்சர் பிரஷ் என்று கூப்பிடுவதை ஒரு கல்லூரிப் பையன் மரத்தில் செய்து வைத்திருந்தான்.

அதே 1922-இல் ஸ்பெயினுக்குப் போய் கிரனாடாவில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்தார். முஸ்லிம் சுல்தான்கள் கட்டிய அரண்மனை, சுவர் முழுக்க டைல். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, இடைவெளியே இல்லாமல் சுவரை மூடியிருக்கும். எஷர் அசந்துபோனார். ஆனால் அந்த டைல்களில் நட்சத்திரமும் பட்டையும்தான் உண்டு. அவருக்குப் பறவை வேண்டும், மீன் வேண்டும், பார்த்ததும் இன்னது என்று தெரிகிற உருவம் வேண்டும். முயற்சி செய்தார். மிருக உருவங்களைக் கட்டையில் வெட்டித் துணியில் அச்சடித்தும் பார்த்தார். மனசுக்குப் பிடித்த மாதிரி வரவில்லை. எட்டுத் தலைகளில் கைக்கு வந்தது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு தடவை அவுட்புட் சரியாக வந்துவிட்டது, ஏன் வந்தது என்று தெரியாது. நமக்கும் இது புதுசு இல்லையே.

அப்படியே விட்டுவிட்டார். இத்தாலியில் யெட்டா உமிக்கர் என்ற பெண்ணைச் சந்தித்து 1924-இல் திருமணம் செய்துகொண்டு ரோமில் குடியேறினார். பத்து வருஷத்துக்கு மேல் மலையும் கடலும் மலையோரத்து ஊர்களுமாக இத்தாலியை வரைந்தார். விற்பனை சுமார். பெற்றோர் பண உதவி செய்யும் நிலைமைதான். முசோலினி ஆட்சியில், ஒன்பது வயசு மகனையும் பள்ளியில் பாசிஸ்ட் சீருடை போடச் சொன்னதும் ஊரைக் காலி செய்தார். 1935-இல் சுவிட்சர்லாந்து போனார். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பனி. வரைய அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

அண்ணன் சொன்ன பேப்பர்

1936-இல் ஒரு கப்பல் கம்பெனிக்கு எழுதி வினோதமான ஒரு பேரம் பேசினார். எனக்கும் மனைவிக்கும் பயணச் சீட்டு கொடுங்கள், பதிலுக்குப் பயணத்தில் வரையும் படங்களின் அச்சுகளைத் தருகிறேன் என்றார். கம்பெனி ஒத்துக்கொண்டது. அப்படித்தான் 14 வருஷம் கழித்து மறுபடியும் அல்ஹம்ப்ராவில் போய் நின்றார்.

இந்தத் தடவை பார்த்து ரசித்துவிட்டுத் திரும்பவில்லை. புருஷனும் மனைவியுமாக உட்கார்ந்து, நாள்கணக்கில், சுவரில் இருந்த டைல்களை அப்படியே நோட்டில் காப்பி எடுத்தார்கள். எந்தத் துண்டு திரும்ப வருகிறது, நேராக நகர்ந்து வருகிறதா, சுழன்று வருகிறதா, கண்ணாடிப் பிம்பமாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அதே வருஷம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் அந்த நோட்டே இருந்திருக்காது.

1937-இல் அந்தப் படங்களை அண்ணன் பேரண்டிடம் காட்டினார். அவர் லைடன் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி பேராசிரியர். படிகங்களைப் பற்றிப் படித்தவர் என்பதால் பார்த்த உடனே பிடித்துவிட்டார். தம்பி செய்வதும் படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருப்பதும் ஒரே கணக்கு. படிகவியல் ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரைகளைப் பார்க்கச் சொன்னார். அதில் ஒன்று ஜார்ஜ் போல்யா 1924-இல் எழுதியது. ஒரு தளத்தை ஒரே வடிவத்தால் திரும்பத் திரும்ப நிரப்பும்போது வரக்கூடிய சமச்சீர் அமைப்புகள் மொத்தம் 17-தான் என்று சொல்லி, பதினேழுக்கும் படம் போட்டிருந்தார்.

எஷருக்கு அந்தக் கணிதம் புரியவில்லை. படம் புரிந்தது. 17 படங்களையும் கையால் நோட்டில் வரைந்துகொண்டார். அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒரு வேலையில் இறங்கினார். தன் சொந்தப் பாஷையில், தன் சொந்தக் குறியீடுகளில் ஒரு தியரியையே எழுத ஆரம்பித்தார். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு போய்ச் சேர வேண்டும், பக்கத்துப் பக்கத்து உருவங்கள் வேறு வேறாகத் தெரியக் குறைந்தது எத்தனை நிறம் வேண்டும் என்று வகை பிரித்தார். 1941, 1942-இல் அதை ஒரு நோட்டில் தொகுத்து முடித்தார்.

அதில் இருக்கும் ரொம்ப எளிமையான வகையை மட்டும் சொல்கிறேன், ஒரு அட்டையை எடுத்துச் செய்து பாருங்கள். சதுரமாக வெட்டுங்கள். இடது ஓரத்தில் இஷ்டத்துக்கு ஒரு வளைவு வெட்டி, வெட்டிய துண்டைக் கீழே போடாமல் நேராக நகர்த்தி வலது ஓரத்தில் ஒட்டுங்கள். மேல் ஓரத்தில் வெட்டியதைக் கீழ் ஓரத்தில் ஒட்டுங்கள். பரப்பளவு மாறவில்லை. இப்போது கோணல்மாணலாக இருக்கும் அந்த அட்டையை எத்தனை எடுத்து அடுக்கினாலும் சந்து இல்லாமல் பொருந்தும். அந்தக் கோணலைப் பார்த்து இது குதிரையா, மீனா என்று யோசித்துக் கண் வைத்தால் அது எஷர்.

இதில் கஷ்டம் எங்கே என்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு சொந்தக்காரர்கள். இந்தப் பறவையின் வயிறுதான் அந்தப் பறவையின் முதுகு. ஒன்றை அழகாக்கினால் மற்றது கெடும். 1922-இல் அவரைத் தடுத்தது கைத்திறமைக் குறைவு இல்லை, இந்தக் கணக்கு தெரியாததுதான். தெரிந்ததும் அணை உடைந்த மாதிரி வந்தது. 1938-இல் பகலும் இரவும் செதுக்கினார். வயல்கள் மெல்ல மேலே எழும்பிப் பறவைகளாகின்றன. கறுப்புப் பறவைகள் பகலை நோக்கிப் பறக்கின்றன, அவற்றின் இடைவெளிகளே வெள்ளைப் பறவைகளாகி இரவை நோக்கிப் பறக்கின்றன. அவர் அச்சுகளில் மக்கள் அதிகம் கேட்டு வாங்கியது இதுதான். 650-க்கும் மேற்பட்ட பிரதிகள், அத்தனையும் கையால், எலும்பால் செய்த ஒரு கரண்டியை வைத்துத் தாளைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தவை.

23

அந்தக் காலத்திலேயே அவர் இன்னொரு விளையாட்டும் வைத்திருந்தார். சதுரமான ஒரு சின்ன அச்சு. அதை நேராகவும் அடிக்கலாம், 90, 180, 270 டிகிரி திருப்பியும் அடிக்கலாம். நாலு அச்சை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்து ஒரு பெரிய சதுரம் செய்து, அந்தப் பெரிய சதுரத்தைத் தாள் முழுக்க அடுக்க வேண்டும். வித்தியாசமான டிசைன் எத்தனை வரும்?

ஒவ்வொரு இடத்துக்கும் 4 வாய்ப்பு என்பதால் மொத்தம் 256. ஆனால் தாளைத் திருப்பியோ நகர்த்தியோ பார்த்தால் பல டிசைன் ஒன்றேதான். அப்படி ஒன்றாவதை எல்லாம் கழித்தால் எத்தனை மிஞ்சும்? எஷர் ஒவ்வொன்றாக வரைந்து, ஒப்பிட்டு, அடித்துத் திருத்தி 23 என்று கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் இல்லை, ஃபார்முலாவும் இல்லை. டிஸ்கிரீட் மேத்ஸில் வரும் பர்ன்சைடு லெம்மாவைப் போட்டுப் பார்த்தேன். 368-ஐ 16-ஆல் வகுத்தால் 23. ஒன்றுகூடத் தப்பவில்லை. மேத்ஸ் வராது என்று பள்ளியில் பெயர் வாங்கிய மனிதர் அவர்.

பூட்ஸ் தடம்

இந்த நோட்டெல்லாம் எழுதிய காலம் நல்ல காலம் இல்லை. 1940-இல் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்துவிட்டது. எஷர் குடும்பம் 1941-இல் பார்ன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. நாஜிகள் கலைஞர்களுக்கென்று ஓர் அமைப்பு வைத்தார்கள், அதில் சேர்ந்தால்தான் படம் காட்டவே முடியும். எஷர் சேரவில்லை.

அவருடைய ஆசிரியர் டி மெஸ்கீட்டா யூதர். வயது 75 ஆகிவிட்டது. 1944 குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, மனைவியோடும் மகனோடும் அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். வயதான அந்த இருவரும் பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். மகனும் பிழைத்து வரவில்லை.

எஷர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை. ஆசிரியரின் படங்கள் தரையெல்லாம் இறைந்து கிடந்தன. எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் மியூசியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதில் ஒரு படத்தில் ஜெர்மன் சிப்பாயின் பூட்ஸ் ஆணித் தடம் பதிந்திருந்தது. அதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார், கடைசி வரைக்கும். போர் முடிந்ததும் 1946-இல் ஆசிரியரின் படங்களுக்கு அதே மியூசியத்தில் கண்காட்சி நடந்தது.

வாழ்நாள் முழுக்க அச்சுப் பதித்து வாழ்ந்தவர் எஷர். அவர் பாதுகாத்து வைத்த படத்தில் ஓர் அச்சு அவர் பதித்ததும் இல்லை, ஆசிரியர் பதித்ததும் இல்லை. இந்த இடத்தைப் படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

கட்டை ஐந்து, அச்சு இருபது

1951-இல் டைம், லைஃப் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு எஷரைத் தெரிந்தது. 1954-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணிதவியலாளர் மாநாடு நடந்தபோது அவருடைய படங்களும் காட்சிக்கு வந்தன. கலை விமர்சகர்கள் கண்டுகொள்ளாத மனிதரைக் கணிதக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்படிப் பழக்கமான ஹெச்.எஸ்.எம். காக்ஸ்டர், பின்னால் ஒரு கட்டுரையை அனுப்பினார். அதில் ஒரு படம். ஒரு வட்டத்துக்குள் முக்கோணங்கள், ஓரத்துக்குப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே முடிவில்லாமல் போகும். இப்போதும் எஷருக்குக் கணிதம் புரியவில்லை, படம் புரிந்தது.

அதில் இருந்து வந்ததுதான் 1959-இல் செய்த வட்ட எல்லை மூன்று. வரிசை வரிசையாக மீன்கள், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப் போகும். முழு வட்டத்தையும் அவர் செதுக்கவில்லை. கால் வட்டம் மட்டும்தான். நாலு நிறத்துக்கு நாலு கட்டை, கறுப்புக்கு ஒன்று, ஆக ஐந்து. ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்பித் திருப்பி நாலு தடவை அச்சடித்தால் 20 அச்சில் ஒரு படம். இருபதில் ஒன்று கொஞ்சம் தவறினாலும் அந்தத் தாள் குப்பைதான். கன்ட்ரோல் இசட் எல்லாம் கிடையாது. பின்னாளில் காக்ஸ்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, எஷர் கையால் போட்ட வளைவுகள் கணிதம் சொல்லும் இடத்திலேயே துல்லியமாக இருந்தன.

1965-இல் கரோலின் மக்கில்லாவ்ரி என்ற படிகவியல் பேராசிரியர் எஷரின் டைல் படங்களை வைத்து, மாணவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். வெளியிட்டது சர்வதேசப் படிகவியல் சங்கம். பரீட்சையில் தேறாதவரின் நோட்டு அடுத்த தலைமுறைக்குப் பாடமானது.

கடைசிக் காலம் தனிமைதான். 1968-இல் யெட்டா சுவிட்சர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். எஷருக்கு உடம்பில் ஆபரேஷன் மேல் ஆபரேஷன். அந்த நிலையிலும் 1969-இல் பாம்புகள் என்ற அச்சைச் செதுக்கினார். இதுதான் கடைசி. இதிலும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் செதுக்கினார், மீதியைச் சுழற்றி அடித்தார். மூன்று நிறம், நிறத்துக்கு மூன்று அச்சு. கை நடுங்கவில்லை என்று அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தெரியும். 1972 மார்ச் 27 அன்று, 73 வயதில் இறந்தார். அவர் எண் போட்டு வைத்துவிட்டுப் போன டைல் ஓவியங்கள் 137.

திரும்ப லேபுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு என் பழைய ப்ரோகிராமைத் திறந்தேன். இவ்வளவு நாள் ரெக்டாங்கிளை எங்கே வைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அதன் அளவு. ஒரு பூவில் இருந்து அதே மாதிரியான அடுத்த பூ வரைக்கும் எத்தனை பிக்சல் என்று அகலத்திலும் உயரத்திலும் அளந்து, அதையே ரெக்டாங்கிளின் அளவாகக் கொடுத்தேன். வெட்டு போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அளவு சரியாக இருந்தால் ரெக்டாங்கிளை எங்கே வைத்தாலும் சரியாகவே பொருந்துகிறது. வலது ஓரத்தில் பாதி போன பூ இடது ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கும். போட்டோவில் ஒரு பக்கம் வெளிச்சம் கூட இருந்ததால் மெல்லிசாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. பெட்ஷீட்டை நிழலில் விரித்து மறுபடியும் போட்டோ எடுத்தேன்.

நீங்கள் செய்யும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க மூன்று விஷயம். ஜாவாவில் டெக்ஸ்ச்சர் பெயின்ட்டுக்குக் கொடுக்கும் ரெக்டாங்கிள் படத்தை வெட்டாது, முழுப் படத்தையும் அந்த அளவுக்குள் அடக்கிவிடும். அதனால் துண்டைத் தனியாக வெட்டி எடுத்துக் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கேன்வாஸிலும் அதே கதைதான். கிரியேட் பேட்டர்ன் முழுப் படத்தைத்தான் எடுக்கும், துண்டை ஒரு சின்ன கேன்வாஸில் வரைந்துவிட்டு அதைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, டைல் அடுக்குவது நீங்கள் வரையும் வட்டத்தின் மூலையில் தொடங்காது, மொத்தத் திரையின் மூலையில் தொடங்கும். வட்டத்தை நகர்த்தினால் டிசைன் கூடவே வராது, ஜன்னல் மட்டும் நகர்ந்த மாதிரி இருக்கும். பேட்டர்னையும் சேர்த்து டிரான்ஸ்லேட் பண்ணுங்கள்.

அப்புறம், அந்த 23-ஐ ஒரு ப்ரோகிராமாக எழுதிப் பாருங்கள். 256-ஐயும் உருவாக்கி, ஒன்றானதைக் கழித்து எண்ணினால் போதும், நாலு ஃபார் லூப்புக்கு மேல் பெரிசாக ஒன்றும் இல்லை. 22 என்றோ 24 என்றோ வந்தால் தப்பு உங்கள் கோடில்தான். எஷர் கையால் எண்ணியது சரி.